சிந்தாமணி சாரைப் பெற்றெடுத்தவனுக்கு

அருள்,

நேற்றுதான் போனில் கால் மணி நேரம் பேசினோம், ஆகவே நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். ஒக்கலிபுரத்தில் இருந்துகொண்டு ஈஜிபுராவில் இருக்கும் மகனுக்குத் தபாலில் கடிதம் போடுகிற அம்மா இந்தப் பெங்களூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தபால்தலை வாங்கி வந்து கொடுத்த உன் அப்பா, "ஒரு பஸ்ஸு ஏறுனா பையன் வூட்டு வாசல்ல எறங்கலாம், இதுக்கு எதுக்குடி ஸ்டாம்பு?" என்று கேட்டார். நேரில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்ததும் இடுப்பில் கை வைப்பேன், புருவத்தைத் தூக்குவேன், நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். டெலிவிஷனில் வருஷக்கணக்கில் ஊரைச் சிரிக்கவைத்த பொம்பளைக்கு வருகிற வியாதி இது. எழுதும்போது மட்டும்தான் என் புருவம் சும்மா இருக்கிறது.

சொல்ல வந்தது போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. கல்யாணப் புடவை விஷயம் பேச அத்திபெலேயில் சுகன்யா வீட்டுக்குப் போயிருந்தோமே, அன்று சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, "அத்தே, இவரு சின்ன வயசுல எப்டி? ஏதாச்சும் சொல்லுங்க, கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு யூஸ் ஆவும்" என்றாள். நான் உடனே உன் பள்ளிக்கூடத்துச் சிந்தாமணி சார் கதையை எடுத்துவிட்டேன். டிபன் பாக்ஸுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வருகிற கணக்கு வாத்தியார் சாவியைத் தொலைத்துவிட்டுக் கல்லால் உடைத்த கதை. "இது டி.வி.ல வந்துச்சே!" என்றாள் அவள் அம்மா. "டி.வி.ல வந்ததே எங்க அருளு ஸ்கூல்ல நடந்ததுதாங்க" என்று பெருமையடித்தேன். அப்போது நீ சொன்னாய்: "அம்மா, போதும்மா. அந்த மாதிரி வாத்தியாரே கெடையாது. அதெல்லாம் நான் சும்னே கத வுட்டது." நான் வாயைப் பிளந்தேன், நெஞ்சில் கை வைத்தேன், "அடப்பாவி, இத்தினி வருசமா நம்பிட்டிருந்தேனேடா!" என்றேன். வீடே அதிர்ந்தது. சுகன்யா மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "சரி அத்தே, அப்போ நெஜமா நடந்தது ஒண்ணு சொல்லுங்க" என்றாள். நான் யோசித்தேன். இன்னும் யோசித்தேன். நல்லவேளையாகக் காபி வந்தது, தப்பித்தேன். அருள், அடுத்த மாதம் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் சொல்ல, உன் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நீயாக என்னிடம் சொன்ன நிஜக் கதை ஒன்றுகூட என் கையில் இல்லை. அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது.

இது எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். உனக்கும் பாதி தெரியும். மீதிப் பாதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் நடிகையான கதையைப் பிள்ளையார் விழா மேடைகளில் ஏழெட்டு விதமாகச் சொல்லியிருக்கிறேன். நடந்தது இவ்வளவுதான். உனக்கு அப்போது எட்டு வயது. உன் அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அவர்கள் ஆண்டு விழா நாடகத்தில் ஒரு பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. நாலு பேர் முன்னால் தும்மக்கூடக் கூச்சப்படுகிற உன் அப்பா, என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை, கையைத் தூக்கி என் பெயரைக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு வந்து மூன்று நாள் என்னிடம் மூச்சு விடவில்லை. நான் கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்காரர்கள் போடும் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவள். பார்த்ததோடு சரி, மேடை ஏறியது கிடையாது. மனுஷன் முகம் வாடிவிடுமே என்று ஏறினேன். பார்க்க வந்தவர்களில் ஒருவர் கன்னட சீரியல் டைரக்டர். அடுத்த மாதமே ஆள் அனுப்பினார்: ஒரு நாள் வேலை, வேலைக்காரி வேஷம், ஒரே ஒரு வசனம்.

மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து ஷூட்டிங் நடத்தினார்கள். நான் துடைப்பத்தோடு ஹாலைக் கடந்து போய், காபி கொண்டுவரட்டுமா என்று கன்னடத்தில் கேட்க வேண்டும். கேமரா ஓட ஆரம்பித்தது. நான் தரையைப் பார்த்தேன். சோபாவுக்கு அடியில் லைட்காரர்கள் போட்ட கடலைத் தோலும் பீடித் துண்டும் குவிந்து கிடந்தன. கை சும்மா இருக்குமா? நிஜமாகவே பெருக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டு எஜமானராக உட்கார்ந்திருந்தவர் பெரிய நடிகர், வெளியே அவர் கார் நின்றால் கூட்டம் கூடும். அவர் பக்கத்தில் வந்ததும், வீட்டில் உன் அப்பாவிடம் சொல்கிற அதே குரலில், "காலெத்தி" என்றேன். காலைத் தூக்குங்கள் என்று அர்த்தம். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு காலையும் தூக்கினார். நான் பெருக்கி முடிக்கும்வரை அந்தரத்திலேயே வைத்திருந்தார். யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். காபி வசனத்தை நான் சொல்லவே இல்லை.

ஒரு நாள் வேஷம் வாரா வாரம் வரும் வேஷமாயிற்று. தங்க வயல்காரி என்பதால் தங்கத்தைக் கன்னடத்தில் சேர்த்துப் பங்காரக்கா என்று பெயர் வைத்தார்கள். அந்த வீட்டுக்கு வக்கீல் வரட்டும், போலீஸ்காரர் வரட்டும், பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரட்டும், பங்காரக்கா துடைப்பத்தோடு வந்தால் காலைத் தூக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் நான் பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் காலைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள். ரேஷன் கடைக்காரர் தூக்குவார். பல் பிடுங்கப் போனால், பிடுங்க வேண்டிய டாக்டர் தூக்குவார். போன ஞாயிறு உன் மாமனார்கூட நான் வாசல்படி ஏறியதும் தூக்கிக் காட்டினாரே. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். வகுப்பில் நீ நுழையும்போது பையன்கள் எல்லாரும் பெஞ்சுக்கு மேல் காலைத் தூக்குவார்கள் என்று நீ ஒரு நாள் சொன்னாய். அதற்கும் நான் சிரித்தேன். நீ சிரித்தாயா என்று பார்க்கவில்லை.

எங்கள் சீரியலுக்கு எழுதினவர் ஒரு விசித்திரமான மனிதர். எல்லாரும் அவரை ரைட்டர் சார் என்போம். காலையில் வெறும் காகிதத்தோடு ஷூட்டிங் வீட்டுக்கு வருவார். வராந்தாவில் இட்லி வடைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவரிடமும், "நின்னே மனேலி ஏனாய்த்து?" என்பார். நேற்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் அவருடைய குட் மார்னிங். யார் வீட்டுச் சங்கதி அவரைச் சிரிக்கவைக்கிறதோ, அன்றைக்கு அந்த ஆளுக்குத்தான் பெரிய காட்சி. மற்றவர்கள் கதவைத் திறந்து மூட வேண்டியதுதான். நடிப்புப் பள்ளியில் படித்தவர்கள் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு இருந்தது ஒரு வீடு, ஒரு புருஷன், ஒரு பையன். அப்பா தலையில் மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியதைக் கொடுத்தேன். எதிர்வீட்டோடு தண்ணீர்க் குடத்துக்கு நடந்த சண்டையைக் கொடுத்தேன். அது தீர்ந்ததும் உன்னைக் கொடுத்தேன்.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. கால் வளரும், திரும்பத் திரும்ப வாங்க முடியாது என்று அப்பா இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டார். நீ நுனியில் நியூஸ்பேப்பர் அடைத்துப் போட்டுக்கொண்டு போனாய். மைதானத்தில் அணிவகுப்பில் ஒரு ஷூ பறந்துபோய் முன்னால் நின்ற ஹெட்மிஸ்ட்ரெஸ் பக்கத்தில் விழுந்தது. நீ நிற்காமல் ஒற்றை ஷூவோடு நடந்தாய். வீட்டுக்கு வந்து பாதிச் சிரிப்பும் பாதி அழுகையுமாக என் மடியில் தலை வைத்து, "யாருக்கும் சொல்லாதம்மா" என்றாய். சரி என்றேன். மறுநாள் காலை ரைட்டர் சார் என்ன நடந்தது என்று கேட்டார். அன்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அந்த வியாழக்கிழமை எஜமானர் வீட்டுப் பையனின் ஷூ பறந்தது, பங்காரக்கா தேடிக்கொண்டு ஓடினாள், கர்நாடகாவே சிரித்தது. வெள்ளிக்கிழமை நீ வெறுங்காலோடு வந்தாய். உன் ஷூவைப் பையன்கள் எங்கோ ஒளித்துவிட்டார்கள். "ஷூ எங்கடா?" என்று கேட்டேன். நீ பையை மாட்டிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போய் உங்க ரைட்டர்கிட்ட சொல்லு. அடுத்த வாரம் டி.வி.ல பாத்துக்கறேன்" என்றாய்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இது. நீ அப்படிச் சொன்னதும் என் தப்பு எனக்கு உறைத்தது உண்மை. அதே நேரத்தில், இது என்ன ஒரு வசனம் என்றும் தோன்றியது. மறுநாள் வராந்தாவில் அதையும் சொன்னேன். ரைட்டர் சார் வடையைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளை வரிசையாக நிற்கவைத்தால் முன்னால் நிற்பது அதுதான். ஷூவைச் சொன்னது வாய்க்கொழுப்பு. இது தெரிந்தே செய்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நீ கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னாய். "சாப்டியா?" "ஆமா." "படிச்சியா?" "ஆமா." நானும் வராந்தாவில் வெறும் கையோடு உட்கார்ந்தேன், கதவைத் திறந்து மூடினேன். ஒரு செவ்வாய்க்கிழமை நீ தட்டைக் கழுவிக்கொண்டே, கேட்காமலே, "எங்க ஸ்கூலுக்குப் புது மேத்ஸ் சார் வந்திருக்காரும்மா, சிந்தாமணி ஊர்க்காரரு" என்று ஆரம்பித்தாய். டிபன் பாக்ஸுக்குப் பூட்டு. வெயில் காலத்திலும் மங்கி குல்லா. கண்ணை மூடிக்கொண்டே அட்டெண்டன்ஸ். நான் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஒன்று. அந்த வாத்தியார் எங்கள் சீரியலில் மாடி வீட்டுக் குடித்தனக்காரராக வந்தார். அவருக்கும் பங்காரக்காவுக்கும் நடந்த சண்டைகளைத்தான் இன்றும் ஜனங்கள் என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரைட்டர் சார் மட்டும் ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்து, "நிஜமாக நடக்கிற விஷயத்துக்கு இவ்வளவு நல்ல முடிவு இருக்காதம்மா" என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குப் புரியவில்லை.

ஷூட்டிங் இல்லாத ஒரு நாள், உனக்குச் சொல்லாமல் உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கையில் சிந்தாமணி சாருக்கு அரை கிலோ மைசூர்பாக். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கினார். ஆபீஸ் அறையில் இருந்த அம்மாளிடம் சாரைப் பார்க்க வேண்டும் என்றேன். "இங்க மேத்ஸுக்கு எல்லாம் லேடீஸ்தானே, மேடம்" என்றார். மங்கி குல்லா போடுவாரே என்றேன். அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு, "நீங்க அருளோட அம்மாதானே? ரொம்ப அமைதிங்க. மத்தியானம் தனியா மரத்தடில ஒக்காந்து சாப்டுவான். ஷூவ கழட்டிப் பைக்குள்ள வெச்சுப்பான்" என்றார். பொட்டலத்தோடு பஸ் ஏறினேன். மைசூர்பாக்கை, யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லி உனக்கே கொடுத்தேன். நீ நாலு துண்டு தின்றாய்.

ஆமாம், எனக்கு அப்போதே தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் நெஞ்சில் கை வைத்தது நடிப்பு. அடுத்த செவ்வாய் நீ இன்னொரு கதை சொன்னாய், நான் அதே மாதிரி தரையில் உட்கார்ந்து சிரித்தேன், மறுநாள் அதை வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். உன்னை உட்காரவைத்து, மரத்தடியில் ஏன்டா தனியா சாப்பிடறே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேச்சையும் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். என் காட்சி போய்விடுமே என்றும் பயந்தேன். எந்தப் பயம் பெரிது என்று கேட்காதே. அன்றைக்கு எனக்கே தெரியவில்லை, இன்று தெரிந்த மாதிரி சொன்னால் பொய்யாகிவிடும்.

நல்லபடியாகத்தான் எல்லாம் முடிந்தது. சீரியல் ஆறு வருஷம் ஓடி நின்றது. அதற்குப் பிறகு தினம் தினம் வருகிற அழுகை சீரியல்கள் வந்தன. என்னையும் ஒரு மாமியாராக்கி, மகன் பிணத்தைப் பார்த்து அழச் சொன்னார்கள். நான் அழுதேன், பிணமாகப் படுத்திருந்த பையன் சிரித்துவிட்டான். மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் உனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது, அதற்கு நான்தான் காரணம் என்பதால் நானே சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சுகன்யா, உங்கள் கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்களாமே என்று கேட்டாள். நீ உடனே உன் மேனேஜர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு பிஸ்கட் கேட்டுப் போன் செய்த கதையைச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், கேள்வி காணாமல் போயிற்று. எனக்கு மட்டும் அந்த மேனேஜர் சிந்தாமணி சாருக்குத் தம்பி மாதிரி தெரிந்தார்.

அவளிடம் அப்படிச் செய்யாதே, அருள். வேலை போகும் போலிருந்தால் போகும் போலிருக்கிறது என்று சொல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அவள் சிரித்து ஏமாறுகிற பெண் இல்லை, சிரித்து முடித்துவிட்டு இரண்டாம் தடவை கேட்கிற பெண். நான் அந்த இரண்டாம் தடவையைக் கேட்கவே இல்லை. உன் கதை நன்றாக இருந்ததால் கேட்கவில்லை. அவள் உன்னிடம் சொல்வது உன்னோடு இருக்கட்டும், அதை நண்பர்கள் நடுவில் வேடிக்கையாக எடுத்துவிடாதே. ஒரே ஒரு தடவைதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடைசியாக ஒன்று. வியாழக்கிழமை ஏழு மணி ஆனால் டியூஷன் நோட்ஸ் வாங்க வேண்டும் என்று நீ வெளியே போய்விடுவாய், என் சீரியலை நீ வீட்டில் பார்த்ததே இல்லை. வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வியாழக்கிழமை சீக்கிரம் விட்டுவிட்டார்கள், ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வந்தேன். டி.வி. ரிப்பேர் கடை வாசலில் ஆட்டோக்காரர்களும் போர்ட்டர்களுமாகப் பத்துப் பேர் நின்று சிந்தாமணி சார் பூட்டை உடைக்கும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நீ நின்றாய். டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு. அவர்கள் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் உன் உதடு அசைந்தது. ஒரு போர்ட்டர் சிரிப்புத் தாங்காமல் உன் தோளைப் பிடித்துக்கொண்டார், அவரோடு சேர்ந்து நீயும் சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இது என் பையன் எழுதினது என்று கத்திவிடாமல் நின்றேன். மறுநாள் வராந்தாவில் ரைட்டர் சார் கேட்டார், நேற்று என்னம்மா நடந்தது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குப் போதுமான காட்சி அது. "ஒன்றும் நடக்கவில்லை சார்" என்றேன். அன்றைக்குக் கதவைத் திறந்து மூடினேன்.

அதை இன்றுவரை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது உன்னுடையது. சுகன்யாவுக்குச் சொல்வதானால் நீயே சொல். பதிலுக்கு எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும்: அந்த மரத்தடி நாட்களில் நிஜமாக நடந்த ஏதாவது ஒன்று. கல்யாண வேலையெல்லாம் முடியட்டும், அவசரமில்லை. நல்ல முடிவு இருக்க வேண்டாம். சிரிப்பு வர வேண்டாம். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.

அம்மா